ஒரே கொப்பரை, இரண்டு ரிப்போர்ட்: தானியம், எண்ணெய்வித்து சோதனை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேரள-தமிழக எல்லையில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு சிறிய சோதனைக்கூடத்தில் நான் கெமிஸ்ட். கோபாலபுரம் தாண்டினால் பொள்ளாச்சி, வேலந்தாவளம் தாண்டினால் கோவை, சித்தூர் தாண்டினால் பாலக்காடு. (இது பாலக்காட்டுச் சித்தூர். ஆந்திரச் சித்தூர் என்று நினைத்து ஒருவர் சாம்பிளை அங்கே கூரியர் செய்த கதையும் உண்டு.) கொப்பரை, நிலக்கடலை, நெல், பிண்ணாக்கு, எண்ணெய் எல்லாம் வரும். கூடவே, வேறொரு லேபின் ரிப்போர்ட்டும் சட்டைப்பையில் வரும். "அங்கே இப்படிப் போட்டிருக்கான், நீங்க என்ன இப்படிப் போடறீங்க?" இந்த ஒரு கேள்விக்குத்தான் பல வருடமாகப் பல விதமாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஒரே மூட்டைக் கொப்பரை. ஒரு லேபில் ஈரம் 5.6, இன்னொன்றில் 6.7. யார் பொய் சொல்கிறார்கள்?

பெரும்பாலும் யாரும் இல்லை. முதலில் நான் கேட்பது, சாம்பிள் எப்படிப் போனது என்று.

போன ஆடியில் ஒருவர் இதே மாதிரி வந்தார். ஒரு பொட்டலத்தைப் பாலித்தீன் கவரில் போட்டு, வாயை உருக்கி ஒட்டி அனுப்பியிருக்கிறார். இன்னொன்றைச் செய்தித்தாளில் மடித்து, பைக் கவரில் சொருகி, பாலக்காட்டுக் கணவாய்க் காற்றிலும் சாரலிலும் தானே கொண்டுபோயிருக்கிறார். இரண்டும் ஒரே மூட்டைதான், ஆனால் லேப் மேசைக்கு வந்தபோது ஒரே சாம்பிள் இல்லை.

அப்புறம், மூட்டை ஒன்றானாலும் உள்ளே எல்லாம் ஒன்றா? ஒரு கொப்பரைக் கிண்ணத்தை எடுத்துப் பாருங்கள். விளிம்பு மெல்லிசாக, சீக்கிரம் காய்ந்து மொறுமொறுவென்று இருக்கும். அடிப்பக்கம் தடிப்பு, அங்கே ஈரம் தங்கும். விளிம்பில் ஒரு துண்டு உடைத்து எடுத்தால் ஓர் எண், அடியில் எடுத்தால் வேறோர் எண். நெல் மூட்டைக்குக் குத்தூசி போடலாம், கொப்பரைக்கு அது உதவாது. மூட்டையின் மேல், நடு, அடி மூன்று இடத்திலும் முழுக் கிண்ணங்களாக எடுத்து, எல்லாவற்றையும் நறுக்கி, கலந்து, குவித்து, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்கை எடுத்து, மறுபடி கலந்து பிரிக்க வேண்டும். மிக்ஸியில் ஓட்டினால் சூடேறி ஈரம் பறக்கும், எண்ணெயும் கசிந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும். கத்திதான் நல்லது. கை வலிக்கும், வேறு வழியில்லை.

லேபுக்குள்ளும் தப்பு நடக்கும். ஓவனில் 103 டிகிரியில் காய்ந்த தூளை டெசிகேட்டரில் (ஈரம் புகாத மூடிய கண்ணாடிப் பாத்திரம்) ஆறவைத்துத்தான் எடை போட வேண்டும். அதிலுள்ள சிலிக்கா ஜெல், அதாவது ஈரத்தை உறிஞ்சும் கற்கள், நீலமாக இருக்கும்வரைதான் வேலை செய்யும். மழைக்காலத்தில் அது வெளிறிக் கிடப்பதைக் கவனிக்காமல் விட்டால், காய்ந்த தூள் ஆறும்போதே காற்றின் ஈரத்தைக் குடித்துவிடும். தராசில் வைத்தபடி பார்த்துக்கொண்டே இருந்தால் கடைசி இலக்கம் மெல்ல மேலே ஏறுவது கண்ணுக்கே தெரியும். அந்த லேப் ஈரத்தைக் குறைத்துத்தான் சொல்லும், வருடம் முழுக்க அல்ல, ஜூன் ஜூலையில் மட்டும்.

அரை சதவீதம், ஒரு சதவீதம் எல்லாம் ஒரு விஷயமா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 8 சதவீத ஈரமுள்ள 1,000 கிலோ கொப்பரையில் காய்ந்த சரக்கு 920 கிலோ. அதை 6 சதவீதத்துக்கு இறக்கினால் மொத்த எடை 978.7 கிலோ. அதாவது 21 கிலோ சொச்சம் தண்ணீர். 2025 பருவத்துக்கு அரவைக் கொப்பரையின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 11,582 ரூபாய். அந்தக் கணக்கிலேயே டன்னுக்கு ஏறக்குறைய 2,470 ரூபாய் வருகிறது. லாரி லோடுக்குப் பெருக்கிக்கொள்ளுங்கள்.

எண்ணெய்ச் சத்து ஒன்றில் 64, மற்றதில் 68. நான்கு பாயிண்ட் வித்தியாசத்துக்குமா சமாதானம் சொல்வீர்கள்?

இதற்குத்தான் மிகச் சுலபமான சமாதானம் இருக்கிறது. ரிப்போர்ட்டின் ஓரத்தில் சின்ன எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். ஒரு லேப் வந்த சரக்கை வந்தபடியே வைத்துச் சொல்லியிருக்கும். மற்றது ஈரத்தைக் கழித்து, உலர் எடையில் சொல்லியிருக்கும். 6 சதவீத ஈரமுள்ள கொப்பரையில் வந்தபடிக்கு 64 என்றால், உலர் எடையில் 64 வகுத்தல் 0.94, அதாவது 68.1. இரண்டும் ஒரே பதில்தான்.

எதன் மேல் கணக்கிட்டது என்றே எழுதாத ரிப்போர்ட்டுகளும் வருகின்றன. அவற்றைத் திருப்பிக் கொடுத்து எழுதி வாங்குங்கள். காசு கொடுத்துத்தானே சோதித்தீர்கள்?

எண்ணெயில் எஃப்.எஃப்.ஏ. நீங்கள் 1.0 என்கிறீர்கள், மில்லில் 1.4 என்கிறார்கள். எண்ணெய் கெட்டுவிட்டதா?

எல்லைப் பக்கத்தில் இது தீராத வழக்கு. எஃப்.எஃப்.ஏ. என்பது எண்ணெயில் பிரிந்து நிற்கும் கொழுப்பு அமிலம். எண்ணெயை ஆல்கஹாலில் கரைத்து, பினாஃப்தலீன் இரண்டு சொட்டு விட்டு, பியூரெட்டிலிருந்து காஸ்டிக் சோடாக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுவோம். இளஞ்சிவப்பு வந்து அரை நிமிடம் நின்றால் நிறுத்துவோம். இதுவரை எல்லா லேபும் ஒன்றுதான்.

அடுத்து வரும் பெருக்கல்தான் சிக்கல். தேங்காயெண்ணெயை லாரிக் அமிலமாகக் கணக்கிட வேண்டும், அதன் மூலக்கூறு எடை 200. கடலையெண்ணெய், நல்லெண்ணெய் போன்றவற்றை ஒலியிக் அமிலமாகக் கணக்கிடுவது வழக்கம், அது 282. தேங்காயெண்ணெய்க்கும் பழக்க தோஷத்தில் 282-ஐப் போட்டால் பதில் 1.41 மடங்காகிவிடும். உங்கள் 1.0 அங்கே 1.4 ஆனது இப்படித்தான். பியூரெட்டில் இறங்கிய மில்லி இரண்டு இடத்திலும் ஒன்றாகவே இருந்திருக்கும். இன்னும் சிலர் அமில எண்ணை (ஒரு கிராம் எண்ணெயிலுள்ள அமிலத்தை நடுநிலையாக்க எத்தனை மில்லிகிராம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு வேண்டும் என்ற கணக்கு) சொல்லிவிட்டு அதையே எஃப்.எஃப்.ஏ. என்பார்கள். லாரிக் கணக்கில் அமில எண் எஃப்.எஃப்.ஏ.வைப் போல 2.8 மடங்கு. 'எந்த அமிலமாக?' என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியில் பாதிச் சண்டை தீரும்.

கடலைப் பிண்ணாக்குப் புரதத்திலும் இதே கதையா?

அதே கதைதான். லேப் அளப்பது நைட்ரஜனை. அதை 6.25-ஆல் பெருக்கினால் தீவன வியாபாரத்தில் வழங்கும் புரதக் கணக்கு, 5.46-ஆல் பெருக்கினால் நிலக்கடலைக்கென்றே உள்ள கணக்கு. நைட்ரஜன் 7.2 என்றால் முதலாவதில் புரதம் 45, இரண்டாவதில் 39.3.

சரி, கணக்கெல்லாம் ஒன்றாக இருந்தும் வித்தியாசம் வந்தால்? எந்த லேப் சரி என்று எப்படித் தெரியும்?

இதற்கென்றே ஒரு முறை இருக்கிறது. எங்கள் வட்டாரத்தில் 'பி.டி. சுற்று' என்போம், ஆய்வகங்களின் திறனை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்கும் சோதனை. நடத்தும் அமைப்பு ஒரே சரக்கை அரைத்து, கலந்து, நிறையப் பொட்டலமாகக் கட்டும். அனுப்புவதற்கு முன் குறைந்தது 10 பொட்டலத்தைப் பிரித்து, ஒவ்வொன்றையும் இரண்டு தடவை சோதித்து, எல்லாம் ஒன்றாகத்தான் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் பிறகு வரும் வித்தியாசம் லேபுடையதா பொட்டலத்துடையதா என்று தெரியாது. ஒவ்வொரு லேபும் ஒரு ரகசிய எண்ணோடு பதில் அனுப்பும். கடைசியில் பெயரில்லாமல் எல்லாருடைய எண்ணும் ஒரே படத்தில் வரும். உங்கள் எண் எங்கே நிற்கிறது என்று உங்களுக்கு மட்டும் தெரியும்.

இது புதுச் சமாச்சாரம் இல்லை. அமெரிக்காவின் எண்ணெய் வேதியியலார் சங்கமான ஏ.ஓ.சி.எஸ். 1915-லிருந்தே இப்படிச் சாம்பிள் அனுப்பி ஒப்பிட்டு வருகிறது. அந்தச் சங்கத்தைத் தொடங்கியவர்கள் பருத்திவிதை எண்ணெய் சோதித்த கெமிஸ்டுகள். விற்கிறவன் லேபும் வாங்குகிறவன் லேபும் ஒத்துப்போகாத தொல்லை அவர்களுக்கும் இருந்தது.

சரியான விடை யாருக்குத் தெரியும்? பத்து பேர் தப்பாகச் சொன்னால் அதுதான் விடையா?

நல்ல கேள்வி. பெரும்பாலும் பங்கெடுத்தவர்களின் பதில்களிலிருந்தேதான் விடையை எடுக்கிறார்கள், ஆனால் வெறும் சராசரி போட மாட்டார்கள். ஒன்பது லேப் ஈரம் சொல்கின்றன என்று வைத்துக்கொள்வோம்: 5.8, 5.9, 5.9, 6.0, 6.0, 6.1, 6.1, 6.2, அப்புறம் ஒரு 16.0. கடைசி லேபில் யாரோ தட்டச்சில் கோட்டை விட்டிருக்கிறார்கள். சராசரி எடுத்தால் 7.1 வரும், ஒழுங்காகச் சொன்ன எட்டு பேரும் தப்பானவர்கள் ஆகிவிடுவார்கள். வரிசையில் நடுவில் நிற்பதை எடுத்தால் 6.0. ஒருவர் உளறினாலும் நடு எண் அசையாது. இந்த மாதிரி அசையாத கணக்குகள் உள்ளிட்ட பி.டி. கணக்குகளுக்கென்றே ஐ.எஸ்.ஓ. 13528 என்று ஒரு தர ஆவணம் இருக்கிறது.

ஆனால் உங்கள் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது. பங்கெடுத்த எல்லாரும் ஒரே கம்பெனி அகச்சிவப்புக் கருவியை ஒரே அளவீட்டோடு வைத்திருந்தால், எல்லாரும் சேர்ந்தே தப்புப் பண்ண முடியும். அழகாக ஒத்துப்போவார்கள், அவ்வளவுதான். அதனால் ஓவன், கரைப்பானால் எண்ணெயைப் பிரித்தெடுக்கும் சாக்ஸ்லெட் போன்ற அடிப்படை முறையில் செய்தவர்களின் எண்ணைத் தனியாகப் பார்க்கும் சுற்றுகள்மேல் எனக்கு நம்பிக்கை அதிகம்.

'இசட் ஸ்கோர்' என்று ஒன்றைக் காட்டுகிறார்களே?

உங்கள் பதிலிலிருந்து விடையைக் கழித்து, அந்தச் சோதனைக்கு நியாயமான சிதறல் எவ்வளவோ அதனால் வகுத்தால் வருவது. 2-க்குள் இருந்தால் நிம்மதி. 2-க்கும் 3-க்கும் நடுவே என்றால் எச்சரிக்கை. 3-ஐத் தாண்டினால் எங்கோ ஓட்டை, தேட வேண்டும். கூட்டல் கழித்தல் குறியையும் பாருங்கள். ஒரு லேப் ஐந்து சுற்றிலும் 1.4, 1.6, 1.3 என்று கூட்டலிலேயே இருந்தால், ஒவ்வொரு தடவையும் 'பாஸ்' ஆனாலும் அந்த லேப் எப்போதும் கொஞ்சம் தூக்கித்தான் சொல்கிறது. எனக்கு ஒற்றை 2.3-ஐவிட இந்த வகைதான் அதிகக் கவலை தரும்.

உங்கள் லேப் எப்போதாவது தோற்றிருக்கிறதா?

தோற்றிருக்கிறது. தேங்காயெண்ணெய் எஃப்.எஃப்.ஏ. சுற்று. விடை 1.84, நாங்கள் சொன்னது 2.00, அனுமதித்த சிதறல் 0.05. இசட் ஸ்கோர் கூட்டல் 3.2. கவரைப் பிரித்ததும் முதலில் சாம்பிள்மேல்தான் பழியைப் போட்டேன். வெயிலில் வந்திருக்கும், மூடி சரியில்லை, இப்படி. இரண்டு நாள் கழித்துத்தான் அலமாரியிலிருந்த காஸ்டிக் சோடா பாட்டிலைப் பார்த்தேன். லேபிளில் 0.1 நார்மல் என்று என் கையெழுத்திலேயே இருந்தது. தேதி ஆறு வாரம் பழையது. காஸ்டிக் கரைசல் காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துப் பலமிழக்கும், வாரம் ஒருமுறையாவது அதன் பலத்தைச் சரிபார்க்க வேண்டும். பார்த்தால் 0.092. பலமில்லாத கரைசல் அதிகம் இறங்கும், நாமோ பலமான கரைசல் என்று நினைத்துப் பெருக்கியிருக்கிறோம். 0.1 வகுத்தல் 0.092, ஒன்பது சதவீதம் தூக்கல். 1.84 அப்படியே 2.00 ஆகிறது.

வேதனை அது இல்லை. அந்த ஆறு வாரத்தில் அதே பாட்டிலில் செய்த ரிப்போர்ட்டுகள் இருபதுக்கு மேல் வெளியே போயிருந்தன. ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொன்னேன். செக்கு வைத்திருந்த ஒருவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "உங்க பேப்பரைக் காட்டித்தான் சார் லிட்டருக்கு விலை குறைச்சாங்க" என்றார். புது ரிப்போர்ட் காசு வாங்காமல் கொடுத்தேன், குறைத்த விலை திரும்பி வரவில்லை. அந்தச் சுற்றில் சேர்ந்திருக்காவிட்டால் பாட்டில் தீரும்வரை அதையே ஊற்றிக்கொண்டிருந்திருப்பேன்.

சுற்று நடக்கும்போது லேப்காரர்கள் போனில் பேசிக்கொள்வார்களாமே?

பேசுகிறவர்கள் உண்டு. வெட்கக்கேடு. கண் டாக்டரிடம் போய்ப் பக்கத்தில் நிற்பவனைக் கேட்டு எழுத்துப் படிப்பது மாதிரி, கண்ணாடி யாருக்குத் தேவை? நடத்துகிறவர்களும் சும்மா இல்லை. சில நேரம் ஒரே மாதிரித் தெரியும் பொட்டலங்களில் இரண்டு வேறு அளவுகளை வைத்து அனுப்புவார்கள். பேசி வைத்து எழுதியவர்கள் அப்போது அழகாக மாட்டிக்கொள்வார்கள்.

ஒரே ஒரு சுற்றை வைத்து லேப் கவனக்குறைவா, கருவிக் கோளாறா என்று சொல்ல முடியுமா?

இரண்டு சாம்பிள் கொடுத்தால் முடியும். அமெரிக்கப் புள்ளியியலாளர் யூடன் 1959-ல் ஒரு சுலபமான படம் போட்டுக் காட்டினார். ஏறக்குறைய ஒரே அளவுள்ள இரண்டு சாம்பிள்களை எல்லா லேபுக்கும் அனுப்ப வேண்டும். முதல் பதிலைக் குறுக்கே, இரண்டாவதை நெடுக்கே வைத்து ஒவ்வொரு லேபுக்கும் ஒரு புள்ளி வைக்க வேண்டும். கவனக்குறைவுதான் காரணம் என்றால் புள்ளிகள் வட்டமாகச் சிதறும். கருவியோ கரைசலோ காரணம் என்றால், ஒன்றில் தூக்கிச் சொன்னவர் மற்றதிலும் தூக்கித்தான் சொல்வார். புள்ளிகள் சாய்கோட்டில் வரிசை கட்டும். என் காஸ்டிக் பாட்டில் வருடத்தில் அப்படி ஒரு படம் போட்டிருந்தால், என் புள்ளி சாய்கோட்டின் மேல்கோடியில் தனியாக உட்கார்ந்திருக்கும்.

நிலக்கடலையில் அஃப்ளாடாக்சின். ஒரு லேப் 12, ஒரு லேப் 18. சட்ட வரம்பு 15. இப்போது சரக்கு பாஸா, பெயிலா?

இதுதான் இந்தப் பக்கத்திலேயே கஷ்டமான கேள்வி.

அஃப்ளாடாக்சின் என்பது பூஞ்சை சுரக்கும் நஞ்சு. 1960-ல் இங்கிலாந்தில் பிரேசில் நாட்டுக் கடலைப் பிண்ணாக்கு தின்ற வான்கோழிகள் லட்சத்துக்கும் மேல் செத்த பிறகுதான் இது வெளிச்சத்துக்கு வந்தது. நம் உணவுச் சட்ட வரம்பு, மேற்கொண்டு பதப்படுத்தப் போகும் கடலைக்குக் கிலோவுக்கு 15 மைக்ரோகிராம், நேரடியாகத் தின்பதற்கு 10. ஒரு மைக்ரோகிராம் என்பது கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.

இவ்வளவு சின்ன அளவை அளக்கும்போது நல்ல லேபுகளே விலகும். எவ்வளவு விலகும் என்பதை அமெரிக்க வேதியியலாளர் ஹார்விட்ஸ் 1980-ல் ஆயிரக்கணக்கான பழைய முடிவுகளை வைத்து ஒரு வளைகோடாகக் காட்டினார். அளக்கும் பொருள் நூறு மடங்கு குறையக் குறைய, லேபுகளுக்கிடையிலான சிதறல், அந்த அளவின் சதவீதமாகப் பார்த்தால், இரண்டு மடங்காகிறது. மிகமிகக் குறைந்த அளவுகளுக்கு இப்போது 22 சதவீதம் என்று வைத்துக் கணக்கிடுகிறார்கள். 15-இல் 22 சதவீதம் 3.3. ஆக, உண்மையிலேயே 15 உள்ள சரக்கை ஒரு லேப் 12 என்பதும் ஒரு லேப் 18 என்பதும் இசட் ஸ்கோரில் ஒன்றைக்கூடத் தாண்டாது. இரண்டு பேரும் நல்ல லேபுதான்.

இதையும்விடப் பெரிய விலகல் மூட்டையிலேயே இருக்கிறது. நஞ்சு எல்லாப் பருப்பிலும் பரவிக் கிடப்பதில்லை. ஆயிரத்தில் ஒன்றோ சில ஆயிரத்தில் ஒன்றோ, சுருங்கிய, பூச்சி அரித்த ஒரு பருப்பில் குவிந்திருக்கும். அந்தப் பருப்பு உங்கள் கைப்பிடியில் விழுந்ததா இல்லையா என்பதுதான் ரிப்போர்ட். ஐரோப்பாவுக்குப் போகும் பெரிய லோடில் நூறு இடத்தில் எடுத்து 20 கிலோ சாம்பிள் சேர்ப்பது இதனால்தான். மஞ்சள் பையில் கால் கிலோ கொண்டுவந்து "அஃப்ளா பார்த்துக் கொடுங்க" என்றால், அந்தக் கால் கிலோவுக்கு மட்டும்தான் நான் பதில் சொல்ல முடியும். மூட்டைக்கு அல்ல. ரிப்போர்ட்டிலும் அப்படித்தான் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நெல் கொள்முதலில் மீட்டர் 17.4 காட்டித் திருப்பிவிட்டார்கள். வீட்டு மீட்டரில் 16.8.

கொள்முதல் வரம்பு 17. கை மீட்டர் ஈரத்தை நேராக அளப்பதில்லை, நெல்லின் மின் குணத்தை அளந்து ஈரத்தை ஊகிக்கிறது. களத்திலிருந்து சூட்டோடு அள்ளிய நெல்லுக்கும் ஆறிய நெல்லுக்கும் வேறு எண் காட்டும், ரகம் மாறினாலும் மாறும். 0.6 வித்தியாசம் இரண்டு மீட்டருக்கு நடுவே சாதாரணம். அறுவடைக்கு முன் உங்கள் மீட்டரில் ஒரு சாம்பிளை அளந்துவிட்டு, அதே சாம்பிளை லேபில் ஓவன் முறையில் பார்த்து, எவ்வளவு குறைத்துக் காட்டுகிறது என்று மீட்டரின் முதுகில் எழுதி ஒட்டி வையுங்கள்.

என்.ஏ.பி.எல். முத்திரை இருந்தால் போதுமா?

என்.ஏ.பி.எல். என்பது ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் தேசிய அமைப்பு. அதன் முத்திரை லேபுக்கு மொத்தமாகக் கிடையாது. எந்தப் பொருளில் எந்தச் சோதனைக்கு என்று ஒரு பட்டியல் உண்டு, 'ஸ்கோப்' என்பார்கள். தண்ணீர் சோதனைக்கு அங்கீகாரம் வாங்கிய லேப் உங்கள் கொப்பரைக்கும் அங்கீகாரம் பெற்றதாக ஆகாது. பட்டியல் என்.ஏ.பி.எல். தளத்திலேயே கிடைக்கும். அதோடு, "இந்தச் சோதனைக்குக் கடைசியாக எப்போது பி.டி. செய்தீர்கள், ஸ்கோர் என்ன?" என்று கேளுங்கள். நல்ல லேப் எடுத்துக் காட்டும். தோற்றிருந்தால் அதற்கு என்ன செய்தார்கள் என்றும் காட்டும்.

வாங்குபவரோடு தகராறு வந்துவிட்டது. இப்போது என்ன செய்வது?

இப்போது செய்வதற்குக் குறைவு. லோடு ஏற்றும்போதே செய்திருக்க வேண்டும். இருவர் முன்னிலையிலும் சாம்பிள் எடுத்து, கலந்து, மூன்றாகப் பிரித்து, சீல் வைத்து, ஒன்று உங்களிடம், ஒன்று அவரிடம், மூன்றாவது இருவரும் ஒப்புக்கொண்ட மூன்றாம் லேபுக்கென்று. முறை என்ன, எதன் மேல் கணக்கு, எவ்வளவு வித்தியாசம் வரை பேச்சில்லை என்பதையும் பில்லிலேயே ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள். உணவுப் பாதுகாப்பு அதிகாரி எடுக்கும் சட்ட சாம்பிள் வேறு கதை. அதை நான்காகப் பிரிப்பார்கள், அதில் ஒரு பாகத்தை அங்கீகாரம் பெற்ற லேபுக்கு அனுப்பும்படி நீங்கள் கேட்கலாம். முடிவு ஒப்பவில்லை என்றால் மேல்முறையீடும் உண்டு, மைசூரு சி.எஃப்.டி.ஆர்.ஐ. போன்ற மேல்நிலை ஆய்வகங்கள் அதற்குத்தான்.

எங்கள் களத்துப் பெரியவர் கொப்பரையை ஒடித்துப் பார்த்தே ஈரம் சொல்வார். அதை நம்பலாமா?

நானும் ஒருவரைச் சோதித்துப் பார்த்தேன். ஓவனில் பார்த்து வைத்த 12 சாம்பிளை எண் மட்டும் போட்டு மேசையில் பரப்பினேன். அவர் ஒவ்வொன்றாக ஒடித்து, சத்தம் கேட்டு, ஒடிந்த இடத்தை நகத்தால் கீறி, '6-க்குக் கீழே', '6-க்கு மேலே' என்று இரண்டு கூறாகப் பிரித்தார். பத்து சரி. தப்பிய இரண்டும் 5.9-ம் 6.2-ம், அங்கே என் ஓவனும் தடுமாறும். மழை நாளில் அதே சோதனையை மறுபடி வைத்தபோது ஏழுதான் சரியாக வந்தது. "காத்துல ஈரம் இருக்குது தம்பி, சத்தமே மாறுது" என்றார். அப்புறம் என் டெசிகேட்டரைக் காட்டி, அதில் இருக்கும் நீலக்கல் எதற்கு என்று கேட்டார்.